பதினான்காம் கேள்வி

நீங்கள் எனக்குக் கொடுத்திருக்கும் இந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை, ஐயா. மூன்று மில்லிமீட்டர் இருக்கும். ஒரு அட்டையை இரண்டாக மடித்து அடியில் வைத்தால் ஆட்டம் நின்றுவிடும். குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். ஒன்பது வருடம் அளவெடுக்கும் வேலை பார்த்தவனுக்குக் கண் முதலில் அங்கேதான் போகும். சுவரில் காலண்டர் சாய்ந்து தொங்கினால் அதை நிமிர்த்தாமல் நான் சட்டை போட மாட்டேன் என்று என் மனைவி உங்களிடம் சொல்லியிருப்பாள். அவள் சொல்வதை நம்பலாம்.

வாக்குமூலம் எழுதுகிறவரை நிதானமாக எழுதச் சொல்லுங்கள். அவசரப்பட்டால் எண்களில்தான் முதலில் தப்பு விழும். இந்த விஷயத்தில் எண்களே முக்கியம்.

எங்கள் குழந்தை ஆதரவுத் திட்டத்தில் இரண்டு வகை ஆட்கள் உண்டு. ஒரு வகை கொடுக்கிறவர்கள். வாரம் ஒரு தடவை வீட்டுக்குப் போய்ப் பால் பவுடர் டின் கொடுப்பார்கள், காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள், பிள்ளையை அடிக்கிற அப்பனை உட்கார வைத்துப் பேசுவார்கள். இன்னொரு வகை நாங்கள், அளக்கிறவர்கள். கொடுத்ததால் பலன் உண்டா இல்லையா என்று யாராவது பார்க்க வேண்டுமே. அதற்குக் கொடுக்காத இடமும் வேண்டும். ஆகவே ஏழைத் தெருக்களின் பெயர்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கி, பாதியை உதவித் தெரு என்றும் பாதியை ஒப்பீட்டுத் தெரு என்றும் பிரித்தார்கள். உதவித் தெருவுக்கு டின் போகும். ஒப்பீட்டுத் தெருவுக்கு நான் போவேன். ஒரு எடை மெஷின், ஒரு உயரப் பலகை, முப்பது கேள்விகள் அச்சடித்த படிவம், அவ்வளவுதான் என் சாமான். மாதம் ஒரு தடவை அளந்து எழுதிக்கொண்டு திரும்பிவிட வேண்டும். இரண்டு வருடம் முடிந்ததும் இரண்டு பக்கத்தையும் சேர்த்து வைத்துப் பார்ப்பார்கள். நடுவில் பெரிய வித்தியாசம் தெரிந்தால் திட்டம் எல்லாத் தெருவுக்கும் வரும். தெரியாவிட்டால் இருக்கிற தெருக்களிலும் மூடிவிடுவார்கள்.

அளப்பவனுக்குக் கையேட்டில் மூன்று விதிகள். எதையும் கொடுக்காதே, எந்த யோசனையும் சொல்லாதே, எந்த வாக்கும் தராதே. கேட்பவர்களுக்குக் கல் நெஞ்சாகத் தெரியும். எனக்கு அப்படித் தெரியவில்லை. அளக்கிற நாழி அகவிலை அறியுமா என்பார்களே, அது ஏளனமாகச் சொன்னது. நான் அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டேன்.

இனி சுண்டெலி. ஆறு வயது. பள்ளிக்கூடத்தில் வேறு பெயர் இருந்தது, படிவத்தில் அதுதான் இருக்கிறது. தெருவில் எல்லாரும் சுண்டெலி என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கே இடுக்கு இருந்தாலும் புகுந்து உட்கார்ந்துகொள்வாள், கட்டிலுக்கடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால். அவளை அளக்க வேண்டுமென்றால் முதலில் தேட வேண்டும். அவள் அப்பன் வெல்டர். தெருமுனைப் பட்டறையில் கேட்டும் ஜன்னல் கம்பியும் செய்கிறவன். கைசுத்தமான தொழிலாளி, கையடக்கம் இல்லாத குடிகாரன். பெண்டாட்டி இரண்டு வயதுப் பிள்ளையை விட்டுவிட்டுப் போய்விட்டாள். போனவள் மேல் இருந்த கோபமெல்லாம் இருந்தவள் மேல் விழுந்தது.

எடை மெஷினில் ஏறியதும் சுண்டெலி மூச்சை உள்ளே இழுத்துக் கன்னத்தை உப்பவைத்துக்கொள்வாள். காற்றைச் சேர்த்தால் எடை கூடும் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. எனக்கு அவளைப் பிடிக்கும். இதை மறைக்க ஒன்றுமில்லை. இருபத்திரண்டு தெருவில், மெஷினில் ஆடாமல் நின்ற ஒரே குழந்தை அவள்தான்.

படிவத்தில் பதினான்காம் கேள்வி இது: "குழந்தையின் உடலில் ஆறாத காயங்கள் எத்தனை?" சட்டையைத் தூக்கிப் பார்த்து எண்ண வேண்டும். தழும்பு சேராது. பொருக்குக் கட்டாதது, கன்றிச் சிவந்தது, சூட்டுப்புண், இவை சேரும். ஒன்று முதல் நான்கு வரை 'மிதம்'. ஐந்தும் அதற்கு மேலும் 'கடுமை'. முதல் வருடம் முழுக்கச் சுண்டெலிக்கு ஒன்று, இரண்டு, சில மாதம் பூஜ்யம். வெல்டர் குடித்தால் அடிப்பான், குடிக்காதபோது தோளில் தூக்கிக்கொண்டு சுற்றுவான். இந்த மாதிரி அப்பன்களை எந்தத் தெருவிலும் பார்க்கலாம்.

இரண்டாம் வருடத்தில் ஒரு சின்ன விஷயம் நடந்தது. அந்தத் தெருவில் ஒரு பையன் அடுப்பில் விழுந்து கையைச் சுட்டுக்கொண்டான். நான் போய்ப் பதினான்காம் கேள்வியில் 'மூன்று' எழுதினேன். அடுத்த வாரம் அந்தக் குடும்பம் வாடகை குறைச்சல் என்று இரண்டு தெரு தள்ளிக் குடி போனது. அது உதவித் தெரு. மறுநாளே அவர்கள் வாசலில் டின் வந்து இறங்கியது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ஆனால் ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அளவு சார் காயத்தை எண்ணி எழுதிக்கொண்டு போனார், டின் வந்துவிட்டது. காயம் இருந்தால் டின் உண்டு. ஒரே வாரத்தில் தெரு முழுக்க இந்தப் பேச்சு.

அடுத்த மாதம் நான் போனபோது, அதுவரை பிள்ளைகளின் சட்டையைத் தூக்கிக் காட்டக் கூச்சப்பட்ட தாய்மார்கள் தாங்களே தூக்கிக் காட்டினார்கள். தொடையில் கிள்ளிய தடம், முதுகில் கரண்டிக் காம்பின் கோடு. "இதையும் சேத்துக்கங்க சார், இதை விட்டுட்டீங்களே," என்றார்கள். ஒருத்தி தன் மகனைக் கட்டிப்பிடித்து அழுதுகொண்டே காட்டினாள். அழுகைக்குப் படிவத்தில் இடமில்லை. நான் இருந்ததை எண்ணி எழுதினேன்.

தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். சொல்லியிருக்கலாமே என்பீர்கள். விதி இரண்டைப் பாருங்கள். ஒரு வார்த்தை சொன்னால் அது யோசனை. யோசனை சொன்ன தெரு ஒப்பீட்டுத் தெரு ஆகாது, இரண்டு வருட உழைப்பு குப்பைக்குப் போகும்.

அந்த நாட்களில்தான் வெல்டர் என்னைப் பட்டறை வாசலில் நிறுத்தினான். குடிக்கவில்லை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்தான்.

"சார், ஒண்ணு கேக்கட்டுமா? கோச்சுக்கக் கூடாது. எம்பொண்ணுக்கு ரெண்டுன்னு எழுதுனீங்க. எத்தனை இருந்தா சார் டின்னுக்குச் சேப்பீங்க?"

நான் பதில் சொல்லாமல் சைக்கிளில் ஏறிவிட்டேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்த மாதம் சுண்டெலிக்கு ஆறு. அதற்கடுத்த மாதம் ஐந்து. பெல்ட்டின் கொக்கி, பிறகு சூடான வெல்டிங் ராடு. குடித்து அடித்த அடி தாறுமாறாக இருக்கும். இது அப்படி இல்லை. முழங்கைக்கு மேலே, ஒன்றுக்கொன்று இரண்டு விரற்கடை இடம் விட்டு, நேர்கோட்டில் இருந்தது. ஜன்னல் கம்பி வைக்கிறவன் வேலை அது. "அப்பா அழுதுகிட்டே வச்சாரு சார்," என்றாள் சுண்டெலி. "பால் வந்ததும் இனிமே இல்லைன்னு சொல்லியிருக்காரு."

உதவித் தெருவுக்கு டின் கொண்டுபோகிற பெண்ணைப் பிள்ளைகள் டின்னக்கா என்பார்கள். வாட்டசாட்டமான ஆள், வாய் நீளம், மனசு அதைவிட நீளம். தன் தெருவுக்குக் குறுக்கு வழி என்று என் தெருவுக்குள் நடந்து போனவள் சுண்டெலியின் கையைப் பார்த்துவிட்டாள். நேரே என் ஆபீஸுக்கு வந்தாள்.

"ஏன் சார், உங்க கண்ணு என்ன புண்ணா? மாசாமாசம் எண்ணிட்டு வர்றீங்களே, ராத்திரி சோறு இறங்குதா?"

"உங்கள் தெரு வேறு, என் தெரு வேறு," என்றேன்.

"ஒரே ஒரு புள்ள சார். என் தெருப் புள்ளைன்னு எழுதிக்கிறேன். யாருக்குத் தெரியப் போவுது?"

எனக்குத் தெரியும் என்று சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. அன்று மாலையே மேலிடத்துக்கு எழுதினேன், உதவிப் பணியாளர் ஒருவர் ஒப்பீட்டுத் தெருவுக்குள் நுழைகிறார் என்று. அவளுக்கு எச்சரிக்கைக் கடிதம் போனது.

எங்கள் தலைமை மதிப்பீட்டாளருக்கு ஆபீஸில் அடிக்குறிப்பு என்று பெயர். எதைச் சொன்னாலும் "அதை அடிக்குறிப்பில் போட்டுக்கலாம்" என்பார். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதும் அவர் அடிக்கடி சொல்வது, ஏதோ அவரே கண்டுபிடித்தது போல. கடைசி அளவுக்கு முன்னால் என்னைக் கூப்பிட்டார். எடையிலும் உயரத்திலும் பெரிய வித்தியாசம் வரவில்லை என்றார். பதினான்காம் கேள்வி மட்டும்தான் பேசுகிறது. உதவித் தெருக்களில் கடுமை நிலைக் குழந்தை யாரும் இல்லை.

"உங்க பக்கம் கடைசி மாசம் பத்துப் பேராவது கடுமையில இருந்தா அட்டவணையில ஒரு வரி போடலாம், மந்திரி பாப்பார். ஒம்பதுன்னா அடிக்குறிப்புதான். அடிக்குறிப்பை யாருய்யா படிக்கிறான்?"

ஒரு வரி கிடைத்தால் எல்லாத் தெருவுக்கும் டின். இல்லாவிட்டால் ஆயிரத்து இருநூறு பிள்ளைகளின் டின்னும் நிற்கும். இதை நான் கற்பனை செய்யவில்லை, அவர் மேஜையில் உத்தரவு தயாராக இருந்தது.

இதற்கிடையில் எச்சரிக்கைக் கடிதம் வாங்கிய டின்னக்கா சும்மா இருக்கவில்லை. பட்டறைக்கே போய் வெல்டரிடம் உடைத்துச் சொல்லிவிட்டாள். அந்த எண்ணுக்கும் டின்னுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை, நீ நூறு சூடு வைத்தாலும் ஒரு கரண்டிப் பால் வராது என்று. அவன் கையிலிருந்த ராடைத் தன் முழங்கையிலேயே அழுத்திக்கொண்டு நின்றானாம். அவள்தான் பிடுங்கிப் போட்டிருக்கிறாள்.

மறுநாள் காலை நான் தெருவுக்குள் நுழைந்ததும் என்னைச் சைக்கிளோடு கீழே தள்ளினான். முகத்தில் மிதித்தான். இரண்டு பல் போயிற்று, ஒரு விலா விரிசல் விட்டது, காதோரம் கிழிந்தது. படிவப்படி பார்த்தால் நான்கு, மிதம்தான். தெருவே நின்று பார்த்தது, ஒருவரும் விலக்கிவிடவில்லை. போன மாதம் என்னிடம் சட்டையைத் தூக்கிக் காட்டியவள் வாசலில் இருந்த செருப்பை எடுத்து எறிந்தாள். அவன் அடித்துக்கொண்டே ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டான்.

"நீதானடா அஞ்சுன்னு சொன்ன? நீதானடா சொன்ன?"

மேலே நான் பதில் சொல்லாமல் சைக்கிளில் ஏறினேன் என்று உங்கள் எழுதுகிறவர் எழுதியிருப்பார். அந்த வரியை அடித்துவிடச் சொல்லுங்கள். சொன்னேன். சைக்கிளில் ஏறிய பிறகு சொன்னேன். "ஐந்து இருந்தால் கடுமை," என்றேன். அவன் கேட்டது டின்னைப் பற்றி, நான் சொன்னது படிவத்தைப் பற்றி. வாக்கு எதுவும் நான் தரவில்லை. ஒரு வார்த்தை பொய்யும் அதில் இல்லை.

அதோடு தெருவில் எல்லாம் நின்றுவிட்டது. கிள்ளியவர்கள் கிள்ளவில்லை, அடித்தவர்கள் அடிக்கவில்லை. வெல்டர் குடியையும் விட்டுவிட்டான் என்று கேள்விப்பட்டேன். கடைசி அளவு எடுக்க நான் கிளம்பியபோது மற்ற இருபத்தொரு தெருவிலும் சேர்த்துக் கடுமை நிலையில் ஒன்பது பேர் தேறியிருந்தார்கள். பாக்கி இருந்தது அந்தத் தெரு. அதிலும் கடைசி வீடு.

வியாழக்கிழமை காலை பத்து மணி. கதவு திறந்திருந்தது. வெல்டர் பட்டறையில். பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டுப் பெண் குழாயடியில். பெரியவர் ஒருவர் உடன் இருக்க வேண்டும் என்பது நடைமுறை. 'இல்லை' என்று உண்மையாகவே குறித்திருக்கிறேன், படிவத்தைப் பாருங்கள். சுண்டெலியை அன்று தேட வேண்டியிருக்கவில்லை. தரை நடுவில் உட்கார்ந்து ஒரு துணிப்பையில் தன் சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். புதுக் கவுன்.

"சார், நான் சனிக்கிழமை ஊருக்குப் போறேன். டின்னக்காவோட தங்கச்சி வீட்டுக்கு. அங்கயே ஸ்கூல். அப்பா ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வருவாரு."

மெஷினில் ஏறினாள். கன்னத்தை உப்பவைத்துக்கொண்டாள். பதின்மூன்று கிலோ நானூறு, போன மாதத்தைவிட இருநூறு கிராம் கூடுதல். உயரம் நூற்று மூன்று. பிறகு நான் கேட்காமலே கையை நீட்டி, பழக்கப்படித் தானே எண்ணினாள்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. அவ்ளோதான் சார். எங்கப்பா இப்ப அடிக்கிறதே இல்ல."

முகமெல்லாம் பெருமை. நானும் எண்ணினேன், திருப்பிவிட்டும் எண்ணினேன். ராடு வைத்த இடங்கள் நான்கு ஆறாமல் இருந்தன. ஐந்தாவது போன வாரம்தான் காய்ந்து தழும்பாகியிருந்தது. தழும்பு சேராது.

பேனாவைத் திறந்தேன். நான்கை ஐந்து என்று எழுதினால் கேட்க ஆளில்லை. வேறு எவனாக இருந்தாலும் எழுதிவிட்டுப் போயிருப்பான். என் கூட வேலைக்குச் சேர்ந்தவர்களில் பாதிப் பேர் டீக்கடையில் உட்கார்ந்தே படிவத்தை நிரப்புகிறவர்கள். நான் அப்படி இல்லை. என் கை பொய் எழுதாது. ஒன்பது வருடத்தில் ஒரு எண் நான் பொய்யாக எழுதியதில்லை, ஐயா. அதற்காக ஆயிரத்து இருநூறு பிள்ளைகளைப் பட்டினி போடவும் முடியாது. இரண்டையும் காப்பாற்ற ஒரே வழிதான் இருந்தது.

உயரப் பலகையில் தலைக்கு மேலே நகர்கிற கட்டை ஒன்று உண்டு. அது கழன்று வரும். ஒன்றேகால் கிலோ. தோளில் ஒரு அடி, கன்றிச் சிவக்கிற அளவுக்கு, அதற்கு மேல் நான் நினைக்கவில்லை. அவள் சனிக்கிழமை போவதற்குள் வலி போயிருக்கும். ஆனால் அடி வாங்கிப் பழகிய பிள்ளை, கட்டை உயர்ந்ததுமே தோளை உள்ளே இழுத்துத் தலையை முன்னால் கொடுத்துவிட்டாள். அதை நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். அனுபவக் குறைவு, நான் குழந்தைகளை அடித்தவன் அல்ல.

சத்தம் பெரிதாக இல்லை. அவள் அழவில்லை. மெஷின் மேலேயே உட்கார்ந்து, கையால் தலையைத் தொட்டுப் பார்த்து, விரலைப் பார்த்தாள்.

"அஞ்சு," என்றாள்.

நான் எழுதினேன். நேரம் பத்து இருபது, அதையும் குறித்தேன். அவளைப் பாயில் படுக்க வைத்து, துணிப்பையைத் தலைக்கு வைத்து, கட்டையைத் துடைத்துப் பலகையில் மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருக்கலாம்தான். ஆனால் அது உதவி. முதல் விதி.

குழாயடியிலிருந்து வந்தவள் பிள்ளை தூங்குகிறது என்று நினைத்துக்கொண்டாள். மத்தியானம் சாப்பிட வந்த வெல்டர்தான் பார்த்திருக்கிறான். தோளில் போட்டுக்கொண்டு பிரதான சாலை முழுக்க ஓடியிருக்கிறான். ஒன்று பத்துக்கு டாக்டர் கையை விரித்துவிட்டார். பிள்ளையின் கையில் வரிசையாகச் சூட்டுப்புண், மண்டையில் அடி, கையில் ரத்தத்தோடு ஒரு முன்னாள் குடிகாரன். உங்கள் ஆட்கள் வேறு யாரையும் தேடாததில் தப்பு சொல்ல மாட்டேன். பக்கத்து அறையில் அவனை நீங்கள் விசாரிக்கிற சத்தம் இங்கே வந்து காத்திருந்தபோது எனக்கும் கேட்டது. விலாவில் உதைக்கும்போது ஒரு தனிச் சத்தம் வரும், எனக்கு இப்போது அது தெரியும். அவன் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தான். "நாலு நான்தான் சார். நாலுக்கும் என்னைத் தூக்குல போடுங்க. அஞ்சாவது நான் இல்ல." நீங்கள் அதை உளறல் என்று விட்டுவிட்டீர்கள். அவன் சரியாகத்தான் எண்ணினான்.

அவனுக்காக நான் வரவில்லை. அவன் செய்தது அவனுக்கு. குற்றவுணர்ச்சி தாங்காமல் வந்தேன் என்றும் எழுத வேண்டாம். நான் நன்றாகத் தூங்கினேன்.

நேற்று அடிக்குறிப்பிடமிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. நீங்கள் எழுதிய முதல் தகவல் அறிக்கையில், தகப்பன் மத்தியானம் பன்னிரண்டு மணிக்குக் குழந்தையை அடித்தான் என்று இருக்கிறது. அப்படியானால் பத்து இருபதுக்குக் காயம் நான்குதானே இருந்திருக்க வேண்டும்? ஐந்து என்று எப்படி எழுதினீர், பொய்ப் பதிவுக்கு விளக்கம் தருக என்று கேட்டிருக்கிறார். அந்தப் படிவத்தை நீக்கிவிட்டாராம். ஒன்பது ஆகிவிட்டது. கையெழுத்துக்கு மேலே 'நம்பகமற்ற அளவீட்டாளர்' என்று என்னைக் குறிப்பிட்டிருக்கிறார். அதை மூன்று தடவை படித்தேன். அதற்குப் பிறகுதான் சட்டையைப் போட்டுக்கொண்டு இங்கே கிளம்பி வந்தேன்.

ஆகவே நேரத்தைத் திருத்திக்கொள்ளுங்கள். பன்னிரண்டு இல்லை, பத்து இருபதுக்குச் சற்று முன்பு. அடித்தது நான். கட்டை என் வீட்டு வாசலில் சைக்கிளோடு இருக்கிறது, நகக்கண் அளவு இடத்தில் கறை போகவில்லை. இந்த வாக்குமூலத்தின் பிரதி ஒன்றை மதிப்பீட்டு அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். என்னை என்ன செய்தாலும் சரி, அந்தக் குழந்தையை அட்டவணையிலிருந்து எடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். நான் ஐந்து என்று எழுதியபோது, ஐயா, அங்கே ஐந்து இருந்தது.